பீஷான்–அங் மோ கியோ பூங்கா: ஓர் ஆற்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

2009 வரை சிங்கப்பூரின் இந்தப் பூங்காவில் ஒரு நெடிய தடுப்பு இருந்தது. ஒரு பக்கம் புல்வெளி, நடைபாதை, மரங்கள். மறுபக்கம் காலாங் ஆறு. ஆறு என்பது வரைபடத்தில் உள்ள பெயர்தான். நேரில் பார்த்தால் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஓடும் கான்கிரீட் கால்வாய். வெயில் நாளில் அடியில் ஒரு மெல்லிய நீரோட்டம், மழை நாளில் சில நிமிடங்களில் விளிம்பை எட்டப் பார்க்கும் வெள்ளம். பூங்காவைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொண்டது, கால்வாயைப் பொதுப் பயனீட்டுக் கழகம் பார்த்துக்கொண்டது. நடுவிலிருந்த தடுப்புதான் இரு துறைகளின் எல்லை.

இன்று அதே இடத்தில் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து ஓடும் ஆறும், 62 ஹெக்டர் பூங்காவும் ஒன்றாகக் கிடக்கின்றன. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செடிகளையும் பறவைகளையும் நீர்நாய்களையும் காட்டுகிறார்கள். அவை எல்லாம் உண்மை, மகிழ்ச்சி தருபவை. ஆனால் இந்தப் பணியின் உயிர்நாடி அகலம். பூங்கா தன் நிலத்தை வெள்ளத்துக்கு இரவல் கொடுத்தது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. இதைப் புரிந்துகொள்ளாமல் வேறிடத்தில் கான்கிரீட்டை உடைத்தால், முதல் பெருமழையிலேயே பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போகும்.

பணிக்கு முன்

சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு காலாங். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடி மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு, இந்த ஆற்றில் விழும் மழைநீர் நேராகக் கடலுக்குப் போவதில்லை, குடிநீருக்காகத் தேங்குகிறது. ஆற்றோரத்தில் போடும் உரமும் தெளிக்கும் மருந்தும் நகரத்தின் குழாயை நோக்கிப் பயணப்படுகின்றன என்று பொருள். பூங்கா வடிவமைப்பில் பின்னர் எடுத்த பல முடிவுகளுக்கு இது அடிப்படை.

ஆறு கடக்கும் பகுதி முழுக்க அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சாலைகளும். பெய்யும் மழையில் மண்ணுக்குள் இறங்குவது குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், விடியற்காலையில் அடிக்கும் 'சுமத்ரா' புயற்காற்றின்போதும் நீர்மட்டம் திடீரென ஏறும். அதே வேகத்தில் இறங்கியும் விடும். ஏறுவதைவிட இந்த இறக்கம்தான் கரைக்கு ஆபத்து. அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டு தேவைகள் ஒரே காலத்தில் வந்தன. 1988-இல் திறந்த பூங்காவுக்குப் புதுப்பிப்பு தேவைப்பட்டது. கால்வாய்க்கோ, பெருகிவிட்ட மழைநீரைத் தாங்கும் அளவுக்குக் கூடுதல் கொள்ளளவு தேவைப்பட்டது. வழக்கப்படி என்றால் பூங்காத் துறை தன் பக்கத்தில் புதுக் கற்களைப் பதித்திருக்கும், நீர்த்துறை தன் பக்கத்தில் கால்வாய்ச் சுவரை உயர்த்தியிருக்கும். 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய 'துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைகள்' திட்டம் அந்த வழக்கத்தை உடைத்தது. இரண்டு வேலைகளும் ஒன்றாயின. ஹெர்பர்ட் டிரைசைட்டலின் நிலவடிவமைப்பு நிறுவனம் வடிவமைத்தது. 2009-இல் பணி தொடங்கி, 2012 மார்ச் 17-ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திறந்துவைத்தார். செலவு சுமார் 7.6 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

கணக்கு

கான்கிரீட் வழவழப்பானது, தண்ணீர் வேகமாக ஓடும். புல்லும் கல்லும் செடியும் சொரசொரப்பானவை, தண்ணீரைப் பிடித்து இழுக்கும். கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிட உதவும் மேனிங் சூத்திரத்தில் இந்தச் சொரசொரப்பை ஓர் எண்ணாகப் போடுகிறோம். பூசிய கான்கிரீட்டுக்கு அது ஏறத்தாழ 0.015. செடி வளர்ந்த இயற்கை ஓடைக்கு 0.035 முதல் 0.05 வரை போகும்.

கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கால்வாயை எடுத்துக்கொள்வோம். இவை காலாங் ஆற்றின் வடிவமைப்பு எண்கள் அல்ல. பெட்டி வடிவம், அகலம் 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு ஒன்று. கான்கிரீட்டாக இருந்தால் தண்ணீர் விநாடிக்குச் சுமார் 3.7 மீட்டர் வேகத்தில் ஓடும், 221 கன மீட்டர் கடக்கும். அதே பெட்டியில் கான்கிரீட்டை எடுத்துவிட்டுச் செடி வளர்த்தால் (0.04 என்று வைத்துக்கொள்வோம்) வேகம் 1.4 மீட்டருக்கு இறங்கும், கடக்கும் நீர் 83 கன மீட்டர்தான். கொள்ளளவில் பாதிக்கு மேல் போய்விட்டது. 'கான்கிரீட்டை உடைத்துவிட்டால் ஆறு உயிர்பெறும்' என்று சொல்கிறவர்கள் இந்த ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இப்போது அதே செடி வளர்ந்த ஓடையை 100 மீட்டருக்கு அகலப்படுத்துவோம். சராசரி ஆழம் 2.3 மீட்டர் போதும். வேகம் 1.34 மீட்டர், கடக்கும் நீர் சுமார் 307 கன மீட்டர். பழைய கான்கிரீட் கால்வாயைவிட ஏறத்தாழ 39 சதவீதம் அதிகம், அதுவும் ஆழம் குறைந்து, வேகம் மூன்றில் ஒரு பங்காகி.

பீஷானில் நடந்ததும் இதுதான். முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலத்துக்குள் அடைபட்டிருந்த வெள்ளம், இப்போது உச்ச நேரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பரவுகிறது. வெள்ளத்தைக் கடத்தும் திறன் சுமார் 40 சதவீதம் கூடியது. மழையில்லா நாளில் ஆறு நடுவில் ஒடுங்கிய ஓடையாகிவிடும். இருபுறமும் உள்ள சரிவான புல்வெளியில் பிள்ளைகள் ஓடுவார்கள், பட்டம் விடுவார்கள். ஆண்டின் பெரும்பாலான மணி நேரம் அந்த நிலம் மக்களுடையது, சில மணி நேரம் ஆற்றுடையது.

வளைவுக்கும் ஒரு விலை உண்டு. 2.7 கிலோமீட்டர் தூரத்தை 3.2 கிலோமீட்டராக நீட்டினால், ஏற்ற இறக்க வித்தியாசம் மாறாததால் சரிவு சுமார் 16 சதவீதம் குறைகிறது. சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வேகம் அமைவதால், வேகம் 8 சதவீதம் போலக் குறையும். அழகுக்காக வளைவுகளைக் கூட்டிக்கொண்டே போனால் அகலமும் கூடிக்கொண்டே போக வேண்டும். எனவே பூங்காவுக்கான வரைபடத்தில் முதலில் விழ வேண்டிய கோடு வெள்ளத்தின் விளிம்பு. நடைபாதை, விளையாட்டிடம், உணவகம், கழிப்பறை எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இடம்பிடிக்க வேண்டும். வெள்ளக் கோட்டுக்குள் வரும் பாலமும் இருக்கையும் மூழ்கி எழத் தக்கவையாக இருக்க வேண்டும். மின்பெட்டிக்கு அங்கே இடமே இல்லை.

கரை

மண் கரையைச் செடிகளையும் கற்களையும் கொண்டு பிடித்து நிறுத்தும் கலை ஐரோப்பாவில் பழையது. அங்கே கரையோர வில்லோ மரத்தின் பச்சைக் குச்சியை வெட்டி மண்ணில் படுக்கவைத்தால் போதும், வேர்விட்டுவிடும். சிங்கப்பூரின் வெப்பத்தில் அந்த மரத்தை நம்ப முடியாது. எந்த உள்ளூர்ச் செடியின் குச்சி தண்ணீருக்கு அடியில் சில மணி நேரம் மூழ்கியும் வேர்விடும், எது அழுகும், எது வேகமாக வளர்ந்து ஓடையையே அடைத்துவிடும் என்பதற்கு ஆயத்த விடை கிடையாது.

அதனால் 2009-இல் பூங்காவின் பக்க வடிகால் ஒன்றில் 60 மீட்டர் நீளத்தைச் சோதனைக் களமாக்கினார்கள். பத்து விதக் கரைகட்டும் முறைகளையும் பலவகை உள்ளூர்ச் செடிகளையும் அதில் வைத்துப் பார்த்தார்கள். தேறிய ஏழு முறைகளே ஆற்றுக்குப் போயின. பல கோடி வெள்ளிப் பணியில் இந்த 60 மீட்டருக்கு ஆன செலவு மிகச் சிறியது. ஆனால் முழுப்பணியிலும் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சோதனையின்றி வெளியூர் முறையை நேராக ஆற்றில் இறக்கியவர்கள், ஒரே பருவத்தில் கரையையும் பணத்தையும் இழக்கக்கூடும்.

முறைகளில் எளிமையானது குச்சிக் கட்டு. பச்சைக் குச்சிகளை 15–20 செ.மீ. தடிமனுள்ள கட்டாகக் கட்டி, கரையின் குறுக்கே ஆழமில்லாத பள்ளத்தில் பாதி புதையும்படி கிடத்தி, ஒரு மீட்டருக்குள் ஒன்றாக முளையடித்து இறுக்குவது. நீர் வழிந்தோடும்போது மண்ணைப் பிடித்துக்கொள்ளும் சிறு படி அது. சில வாரங்களில் அதுவே வேலியாகத் துளிர்க்கும். சரிவு கூடிய இடத்தில் மண்ணை ஜியோடெக்ஸ்டைல் என்னும், நீரை விட்டு மண்ணை நிறுத்தும் துணியில் பொட்டலமாகச் சுருட்டி, அடுக்கடுக்காக ஏற்றி, அடுக்குகளின் இடையில் செடி வைப்பார்கள். ஓடையின் அடிவிளிம்பில் நாணல் உருளை. நீர் மோதும் வெளிவளைவில் கற்பாவல், கற்களின் இடுக்கில் குச்சிகள். அதுவும் போதாத இடத்தில் கம்பிவலைக் கற்கூடை. உள்வளைவில் வேகம் குறைவு என்பதால் புல்லே போதும். அங்கே மண் அரிப்பதில்லை, படியும்.

எங்கே தவறு நடக்கிறது? பெரும்பாலும் கரையின் அடிக்காலில். மேலே செடி செழித்திருக்கும், அடியில் நீர் மண்ணைக் குடைந்துகொண்டிருக்கும், ஒருநாள் செழித்த செடியோடு கரை சரியும். எனவே கற்களை ஓடையின் அடிமட்டத்துக்குக் கீழே வரை இறக்க வேண்டும். அடுத்தது, முன்பு சொன்ன வேகமான இறக்கம். வெள்ளத்தில் ஊறிய கரைக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். வெளியே நீர்மட்டம் சட்டென்று இறங்கியதும் வெளித்தாங்கல் போய்விடும், உள்ளேயுள்ள நீர் கரையை வெளியே தள்ளும். களிமண் கரையில் இது இன்னும் மோசம். தண்ணீரை வெளியே விட்டு மண்ணை உள்ளே நிறுத்தும் வடிகட்டி அடுக்கு கல்லுக்குப் பின்னால் கட்டாயம். அதைச் செலவு என்று கருதி வெட்டுகிறவர்கள் பின்னால் கரையையே திரும்பக் கட்டுகிறார்கள்.

மூன்றாவது, காலம். வேர் பிடிப்பதற்கு முன் வெள்ளம் வந்தால் எந்த முறையும் நிற்காது. தென்னை நார்ப் பாய் அந்த இடைவெளிக்குத்தான்: முதலில் அது மண்ணைப் பிடிக்கும், பிறகு மெல்ல மக்கும், அதற்குள் வேர் பொறுப்பேற்க வேண்டும். நார்ப்பாயை மண்ணோடு ஒட்டி விரிக்காமல் தொய்வாக விட்டால் தண்ணீர் அடியில் புகுந்து பாயையே தூக்கிக்கொண்டு போகும்.

உடைத்த கான்கிரீட்டை லாரியில் ஏற்றி அனுப்பிவிடவில்லை. ஒரு பகுதி ஆற்றுப்படுகைக்கு அடித்தளமாயிற்று. இன்னொரு பகுதி குவிந்து, 'மறுசுழற்சிக் குன்று' என்ற சிறு மேடாயிற்று. அதன்மேல் நின்று பார்த்தால் ஆறு தெரியும். கால்வாயின் சுவர் ஆற்றைப் பார்க்கும் இடமாக மாறியதை நேரில் பார்க்கையில் மனம் நிறையும்.

குளத்து நீரைச் சுத்தம் செய்வது

பூங்காவின் மேற்பகுதிக் குளங்களுக்கு அருகே நான்கு படிக்கட்டு மேடைகளில் 15 தொட்டிகள் அமைந்திருக்கின்றன. குளத்து நீரை மேலே ஏற்றி அவற்றின் வழியே மெல்லக் கசிய விடுகிறார்கள். தொட்டியில் சரளையும் மணலும், மேலே நீர்ச்செடிகள். சுத்தம் செய்வது செடி என்று பலரும் நினைப்பார்கள். பெரும்பங்கு வேலை வேரையும் சரளையையும் போர்த்தியிருக்கும் நுண்ணுயிர்ப் படலத்துடையது. செடி அதற்கு வீடும் காற்றும் தருகிறது, சத்துகளில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. நாளொன்றுக்கு 86.4 லட்சம் லிட்டர் குளத்து நீர் இப்படிச் சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 100 லிட்டர். மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. பிள்ளைகளின் நீர் விளையாட்டிடத்துக்குப் போகும் நீர் மட்டும் கூடுதலாகப் புறஊதாக் கதிரால் கிருமி நீக்கப்படுகிறது.

இத்தகைய தொட்டிகள் அடைத்துக்கொள்வதால்தான் கெடுகின்றன. கலங்கல் நீரை நேராக விட்டால் மேல் சரளை சேறாகி நீர் மேலேயே தேங்கும். முன்னால் ஒரு படிவுக் குழி வேண்டும், அதை ஒழுங்காகத் தூர்வார வேண்டும். செடியை வெட்டி அகற்றாமல் தொட்டியிலேயே மடிய விட்டால் உறிஞ்சிய சத்தில் பெரும்பகுதி திரும்ப நீரில் சேரும். வெட்டியதை வெளியே கொண்டுபோவதும் சுத்திகரிப்பின் ஒரு பகுதி.

தடுப்பில்லாத ஆற்றில் பாதுகாப்பு

தடுப்பை எடுத்ததுதான் பூங்காவின் பெரிய பரிசு. பொறுப்பும் அதனால் கூடியது. நீர்மட்டத்தை அளக்கும் உணர்கருவிகள், எச்சரிக்கை விளக்குகள், சைரன், ஒலிபெருக்கி அறிவிப்பு, கண்காணிப்புக் கேமராக்கள், கரையோரம் சிவப்பு அடையாளக் குறிகள், மிதவை வளையங்கள் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு இங்கே உண்டு. ஆனால் முதல் பாதுகாப்பு நிலத்தின் வடிவம். செங்குத்துச் சுவரில் விழுந்தவர் ஏற முடியாது. மென்சரிவில் நீர் மெல்லக் கணுக்காலுக்கு வரும், மனிதர் நடந்து விலகலாம். நீர் ஏறுவதற்கு முன்பே ஆட்கள் வெளியேறத் திசை தெரிய வேண்டும். எனவே ஆற்றை நோக்கி இறங்கும் ஒவ்வொரு பாதையும் ஏறும் பாதையாகவும் இருக்க வேண்டும். ஆற்றோரத்தில் முட்டி நிற்கும் பாதை கூடாது.

வெள்ளம் வடிந்த பிறகும் வேலை உண்டு. புல்வெளியில் குழி இருந்தால் நீர் தேங்கும்; டெங்கி அஞ்சும் ஊரில் அது சிறு விஷயமல்ல. நூறுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற சரிவாவது புல்வெளி முழுக்க ஆற்றை நோக்கி இருக்க வேண்டும். வாகனம் ஏறி அழுந்திய தடத்தில் அந்தச் சரிவு போய்விடும். நிகழ்ச்சிப் பந்தலுக்கு வரும் லாரியே பல பூங்காக்களில் கொசுக்குழி வெட்டுகிறது. உள்வளைவில் படியும் வண்டலை எடுக்க வேண்டும், ஆனால் முழுவதையும் அல்ல. அந்த மேட்டில்தான் நீர்ச்செடி முளைக்கிறது, தும்பி முட்டையிடுகிறது. தும்பிக் குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும்.

புல்லை யார் வெட்டுவது?

கேட்க அற்பமாக இருக்கும் இந்தக் கேள்விதான் இரு துறைப் பணிகளை முறிக்கிறது. கால்வாய்ச் சுவர் இருந்தபோது எல்லை தெளிவு. சுவர் போனதும், வெள்ளத்தில் மூழ்கும் புல்வெளி யாருடையது? நீர்த்துறைக்குப் புல் குட்டையாக இருக்க வேண்டும்; உயர்ந்தால் சொரசொரப்பு கூடும், கொள்ளளவு குறையும். பூங்காத் துறைக்குச் சில இடங்களில் புல் உயர்ந்திருக்க வேண்டும். பறவைக்கும் பூச்சிக்கும் அதுதான் வீடு. விடை கணக்கில் உள்ளது: வடிவமைக்கும்போதே எந்தப் பகுதிக்கு என்ன சொரசொரப்பு எண் போட்டோமோ அதை அந்தப் பகுதியின் புல் உயரமாக எழுதிப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். வெள்ளத்துக்குப் பின் குப்பை அகற்றுவது, வண்டல் அள்ளுவது, கரை சரிந்தால் சீரமைப்பது ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரும் கெடுநேரமும் வேண்டும். கரையோரத்தில் உரமும் பூச்சிமருந்தும் கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

விளைவும் வரம்பும்

திறந்த பிறகு ஆண்டுக்கு 30 லட்சமாக இருந்த வருகை 60 லட்சமாக உயர்ந்தது. எந்த உயிரினத்தையும் கொண்டுவந்து விடாமலேயே பல்லுயிர் வளம் 30 சதவீதம் கூடியது. 66 வகைக் காட்டுப்பூக்கள், 59 வகைப் பறவைகள், 22 வகைத் தும்பிகள் பதிவாயின. 2014-இல் ஒரு நீர்நாய்க் குடும்பம் இங்கே வசித்து, 'பீஷான் குடும்பம்' என்று ஊர் முழுக்கப் பேர்வாங்கியது.

இத்தனைக்கும் அடியில் இரண்டு முன்நிபந்தனைகள் இருந்தன. சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் வேறு வேறு. ஆற்றில் வருவது மழைநீர். கழிவுநீர் கலக்கும் ஓடையில் பிள்ளைகளை இறக்க வளைவுகளும் நாணலும் உதவாது. அங்கே முதல் செலவு நிலத்தடிக் குழாய்க்குப் போக வேண்டும். இரண்டாவது நிபந்தனை, ஆற்றை ஒட்டி அரசுக்குச் சொந்தமான பரந்த பூங்கா நிலம்.

அந்த நிலம் இல்லாத இடத்தில் பொதுப் பயனீட்டுக் கழகம் அதே ஆற்றில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கீழே கோலம் ஆயர் பகுதியில் இருபுறமும் கட்டடங்கள் நெருக்குகின்றன. அங்கே கரைச் சுவரை உடைக்கவில்லை. சுவரை ஒட்டி மரப்பலகை நடைபாதை, நீரின்மேல் ஒரு மிதவை மேடை, ஒரு நீர்ச்சக்கரம்: அவ்வளவுதான். ஆற்றின் அகலம் அங்கே எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு.